இத்தா வீட்டில் பச்சை பிஸ்கட்

மட்சா என்னும் சொல்லை எங்கள் உம்மா தம் அறுபத்து நான்காம் வயதில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். அதைச் சேர்த்து பிஸ்கட் சுடவும் அதே வயதில்தான் கற்றுக்கொண்டார்கள். அப்போது அவர்கள் இத்தாவில் இருந்தார்கள். கீழக்கரையில் எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்த இந்தச் சிறிய காரியத்தைப் பற்றி உறவினர் பலவிதமாகப் பேசினர். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது என்று அவர்களுடைய பெண்மக்களாகிய நாங்கள் இருவரும் எண்ணினோம். செய்முறையைக் கேட்ட சகோதரிகளும் உண்டு. அதையும் இடையில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வாப்பா ரஜப் மாதத்தின் முதல் வாரத்தில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பியால் ஜனாஸாவுக்கு வந்து சேர முடியவில்லை. மையித்தைக் காத்திருக்க வைப்பது நம் வழக்கம் இல்லை. அவனும் அதைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வந்து நேரே மையவாடிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுப்படி ஏறினான். அவன் பெட்டியில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரடப்பா இருந்தது. முப்பது கிராம் மட்சாத் தூள். வாப்பா பால் சேர்க்காத தேநீரைப் பெரிதும் விரும்பியவர்கள். சுப்ஹு தொழுதுவிட்டு வந்ததும் ஒரு குவளை, அஸருக்குப் பின் ஒரு குவளை. ஜப்பானியர் தேயிலையை வடிகட்டாமல் பொடியாகவே கரைத்துக் குடிப்பார்கள் என்று தம்பி தொலைபேசியில் சொன்னபோது, "வரும்போது ஒரு டப்பா வாங்கி வா, பார்ப்போம்" என்றார்கள். அவன் வாங்கி வைத்திருந்தான். கொண்டுவந்து கொடுக்கும் நாள் அமையவில்லை.

தம்பி பன்னிரண்டாம் நாள் திரும்பிப் போனான். டப்பா அலமாரியில் வாப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

மூன்று நாள் வரைக்கும் அண்டை வீடுகளிலிருந்து உணவு வந்துகொண்டே இருந்தது. ஜஅஃபர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்தார்கள். அந்தச் சுன்னத்தை எங்கள் ஊர் இன்னும் கைவிடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் துக்கம் மூன்று நாளில் முடிகிறதா? வந்தவர்கள் எல்லாரும் போன பிறகுதான் உம்மா பேச்சைக் குறைத்தார்கள். உணவு இரண்டு கவளம். கேட்டதற்கு மட்டும் பதில். இறந்தவர் வீட்டாருக்கும் நோயாளிக்கும் தல்பீனா என்னும் மாவுக்கஞ்சி மனத்துக்கு ஆறுதல் தரும் என்று ஆயிஷா நாயகி அவர்கள் அறிவித்திருப்பதை நினைத்து வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். குடித்தார்கள், மறுக்கவில்லை. அவ்வளவுதான்.

எங்களை வருத்தியது அவர்களுடைய மௌனத்தைவிட அவர்களுடைய கைகள். நாற்பது ஆண்டுகளாகப் பெருநாள்தோறும் தொதல் கிண்டிய கைகள் அவை. தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் ஜவ்வரிசியும் சேர்த்து, அகன்ற சட்டியில் மணிக்கணக்காக விடாமல் துழாவி, தேங்காயெண்ணெய் தானாகக் கக்கி மேலே மிதக்கும்வரை நின்று கிண்டுவார்கள். அந்தக் கைகள் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடுப்படிப் பக்கம் அவர்கள் வந்தால், "நீங்கள் இருங்கள் உம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்திருந்த உறவுப்பெண்கள் அன்போடு தடுத்துவிடுவார்கள். அன்புதான், ஐயமில்லை. ஆனால் இருப்பதற்கென்று அவர்களுக்கு என்ன இருந்தது?

ஷஅபான் மாதத்தின் நடுவில் ஒருநாள் அஸருக்குப் பிறகு உம்மாவே அந்த டப்பாவை எடுத்து வந்தார்கள். "இது வைத்திருந்தால் கெட்டுப்போகுமா?" என்று கேட்டார்கள். பிரிக்காதவரை சில மாதம் இருக்கும், பிரித்துவிட்டால் ஒளியும் காற்றும் சூடும் பட்டு நிறமும் மணமும் குறைந்துபோகும் என்றோம். "அவர் கேட்ட பொருள். வீணாகப் போகக்கூடாது" என்றார்கள். நாற்பது நாளில் அவர்கள் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

இந்தத் தூள் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சொன்னபோது உம்மா அக்கறையோடு கேட்டுக்கொண்டது இதைத்தான். கியோத்தோவுக்கு அருகில் உள்ள ஊஜி இதற்குப் பேர்போன இடம். கொழுந்து பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரத்துக்கு முன்பே தேயிலைச் செடிகளின்மேல் பந்தலிட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். ஒளி குறையக் குறைய இலையில் பச்சையம் கூடுகிறது. துவர்ப்பு தணிந்து, தியானின் என்னும் பொருளால் வரும் ஒருவகை இனிமை ஏறுகிறது. பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைப்பதால் அது நம் ஊர்த் தேயிலையைப்போல் கறுப்பதில்லை. பிறகு சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கி, கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். வேகமாக அரைத்தால் கல் சூடேறி மணம் போய்விடும் என்பதால் ஒரு திரிகை மணிக்கு நாற்பது கிராம் அளவே அரைக்கும். எங்கள் டப்பாவில் இருந்த தூள் ஒரு திரிகையின் முக்கால் மணிநேர உழைப்பு. தேயிலையைப் பொடித்துக் கரைத்துக் குடிக்கும் முறை சீன நாட்டில் சோங் அரசர் காலத்தில் இருந்தது. 1191இல் அங்கிருந்து திரும்பிய எய்சாய் என்னும் துறவி அதை ஜப்பானில் பரவச் செய்தவர் என்பார்கள். சீனத்தில் அந்த வழக்கம் பின்னாளில் மறைந்துபோக, வாங்கியவர்கள் காத்துவைத்துக்கொண்டார்கள்.

"திரிகைக் கல்லா?" என்று உம்மா கேட்டார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு திரிகை கிடக்கிறது.

முதலில் ஒரு சிட்டிகைத் தூளை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்து, "கடற்கரையில் பாசி ஒதுங்கிக் கிடக்கும் வாசம்" என்று குவளையை வைத்துவிட்டார்கள். சரியான வருணனை, மட்சாவை அறிந்தவர்களும் அந்த மணத்தைக் கடற்பாசியோடுதான் ஒப்பிடுகிறார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இதைச் சீனியோடும் வெண்ணெயோடும் சேர்த்தால்தான் வாய்க்கு ஏறும்" என்றார்கள். பிஸ்கட் என்னும் யோசனை அப்படித்தான் வந்தது. எங்களில் இளையவள் வீட்டிலிருந்து சிறிய மின்னடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தோம்.

அளவு இது. உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், பொடித்த சீனி 70 கிராம், மைதா 170 கிராம், சோளமாவு 20 கிராம், மட்சா 8 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, தேவையானால் ஒரு தேக்கரண்டி பால். வெண்ணெய் மெதுவாக இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. அதையும் சீனியையும் வெளுக்கும்வரை குழைத்து, மாவுகளையும் மட்சாவையும் சேர்த்து இரண்டு முறை சலித்துக் கொட்டிப் பிசறினால் போதும். மட்சாத் தூள் எளிதில் கட்டிதட்டும். சலிக்காவிட்டால் பிஸ்கட்டில் கரும்பச்சைப் புள்ளிகள் விழும். எங்கள் ஊர் வெக்கையில் மாவு கையிலேயே இளகிவிடுகிறது. ஆகவே உருளையாக உருட்டிக் குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைத்து, பிறகு அரை விரற்கடைத் தடிப்பில் வில்லைகளாக அறுக்க வேண்டும். முப்பது வில்லை வரும்.

சூடுதான் இதில் முக்கியம். சாதாரண பிஸ்கட்டுக்கு வைக்கும் சூடு இதற்கு ஆகாது. இலையின் பச்சையத்துக்குள் மக்னீசியம் என்னும் உலோகம் ஓர் அணு இருக்கிறது. கடுஞ்சூட்டில் அது கழன்றுபோனால் பச்சை மங்கிப் பழுப்பேறும். கீரையைக் கூடுதலாக வேகவைத்தால் நிறம் மாறுகிறதே, அதே காரணம். 160 பாகையில் பதினான்கு நிமிடம், மேலே நிறம் மாறுவதாகத் தோன்றினால் ஒரு தாள் மூடி. வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறியபின் மொறுமொறுக்கும். உம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மின்னடுப்பின் கண்ணாடிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, "வெண்ணெய் வாசம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்... ம், எடுங்கள்" என்றார்கள். அப்போது பதின்மூன்று நிமிடம் முடிந்து சில நொடிகள் ஆகியிருந்தன. தொதலுக்குப் பக்குவம் பார்த்த மூக்கு.

வெனிலாவைப் பற்றி ஒரு சொல். பிஸ்கட் குறிப்புகள் பலவற்றில் வெனிலாச் சாறு சேர்க்கச் சொல்லியிருக்கும். அந்தச் சாறு ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்கப்படுவது. அமெரிக்க நாட்டு விதிப்படி அதில் 35 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஆல்கஹால் இருந்தால்தான் அந்தப் பெயரிலேயே விற்க முடியும். இவ்வகைப் பொருள்களைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆல்கஹால் இல்லாத வகைகளும் கடையில் கிடைக்கின்றன. மட்சாவுக்கு அந்தத் தேர்வே வேண்டியதில்லை. வெனிலா சேர்த்தால் தேயிலையின் மணம் அமுங்கிவிடும், ஆகவே விட்டுவிடுவதே சுவைக்கும் நல்லது.

முதல் சுற்று அண்டை வீடுகளுக்குப் போனது. பேரப்பிள்ளைகள் பாதியைத் தின்றார்கள். உம்மா இரண்டு தின்றார்கள். அன்று இரவு உணவும் உண்டார்கள். நாங்கள் இதைப் பெரிதுபடுத்தாமல் இருந்தோம். துக்கத்தில் இருப்பவர் உண்பதைச் சுற்றி நின்று பார்ப்பதைப்போல் வேறொரு கொடுமை இல்லை.

ரமலான் வந்தது, போனது. இரண்டாம் சுற்றுப் பெருநாள் இரவில் சுட்டோம். சிக்கல் எழுந்ததும் அன்றுதான்.

பெருநாள் இரவில் எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் மருதாணி இல்லாமல் இருப்பதைக் காண முடியாது. பேத்திகள் கூடத்தில் கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உம்மா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். பிறை கண்ட செய்தியோடு வாப்பாவின் மூத்த சகோதரியாகிய மாமி கொல்லைவாசல் வழியாக வந்தார்கள். வந்தவர்கள் கண்டது என்ன? இத்தாவில் இருக்கும் பெண்ணின் இரு உள்ளங்கைகளும் விரல்களும் பச்சைப் பசேல் என்று அப்பிக் கிடக்கின்றன. மாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்ன புள்ளை இது? என் தம்பி மவுத்தாகி மூன்று மாதம் ஆகவில்லை. மருதாணியா?"

உம்மா கையை உயர்த்திக் காட்டினார்கள். "மருதாணி இல்லை, மச்சி. மாவு. முகர்ந்து பாருங்கள்."

மாமி முகர்ந்து பார்க்கவில்லை. மாவு என்று தெரிந்தபின்பும் அவர்கள் முகம் தெளியவில்லை. "மாவுதான் என்றாலும், இத்தா வீட்டில் பெருநாள் பலகாரம் சுடுவதா? பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். உம்மா மாவை அப்படியே மூடிவைத்து, கையைக் கழுவிக்கொண்டு, தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விடுமோ என்று நாங்கள் அஞ்சினோம்.

மாமியைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய வயதுப் பெண்கள் இத்தா என்று பார்த்து வளர்ந்தது வேறொன்றை: இருட்டறை, கண்ணாடிக்குத் திரை, ஆண்குழந்தையின் குரல்கூடக் காதில் விழக்கூடாது என்னும் கெடுபிடி. இவற்றுக்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்று ஆலிம்கள் எத்தனையோ பயானில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வழக்கம் என்பது பயானைவிட வயதில் மூத்தது.

அன்றிரவே பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். கணவரை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருப்பு என்று குர்ஆன் வரையறுக்கிறது. அந்தக் காலத்தில் அவள் மறுமணம் பேசக்கூடாது. அலங்கார ஆடை, நகை, சுர்மா, மருதாணி, நறுமணம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தேவையின்றி வீட்டைவிட்டு வெளியேறித் தங்கக்கூடாது. ஹஜ்ரத் இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "இதில் சமையல் எங்கே வருகிறது?" என்று கேட்டார்கள். இன்னொன்றும் நினைவூட்டினார்கள். ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் சிற்றன்னை தலாக்கின் இத்தாவில் இருந்தபோது தம் பேரீச்சைக் குலைகளை அறுக்கப் புறப்பட்டார்கள். ஒருவர் தடுத்தார். நபியவர்களிடம் சென்று கேட்டபோது, போய் அறுக்கும்படியும், அதிலிருந்து அவர் தர்மம் செய்யவோ நன்மை செய்யவோ கூடும் என்றும் சொன்னார்கள். அது தலாக்கின் இத்தா, இது வஃபாத்தின் இத்தா; இரண்டுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு என்பதையும் ஹஜ்ரத் சொல்லத் தவறவில்லை. உங்கள் தாயாரோ வீட்டைவிட்டு வெளியேறவே இல்லையே என்றார்கள்.

அடுத்துச் செய்ததைப் பற்றி எங்களுக்குள் இன்றும் இரு கருத்து உண்டு. இளையவள் உடனே மாமி வீட்டுக்குப் போய் ஹஜ்ரத் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்றாள். மூத்தவள் வேண்டாம் என்றாள். சட்டத்தைக் கொண்டுபோய்த் துக்கத்தின் முகத்தில் வீசக்கூடாது என்பது அவள் எண்ணம். கடைசியில் உம்மாவின் கதவைத் தட்டி, அவர்களிடம் மட்டும் சொன்னோம். சிறிதுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "மாவு வெளியில் இருக்கிறதா, குளிர்பெட்டியில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

இரவு ஒருமணிக்கு முப்பது பிஸ்கட்டும் தயாராகிவிட்டன. பெருநாள் காலையில் உம்மா புத்தாடை உடுத்தவில்லை, அத்தர் பூசவில்லை. பழைய வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து, முதல் பெட்டியை மாமிக்கென்று கட்டிக் கொடுத்தார்கள். "என்ன சொல்லிக் கொடுக்கட்டும்?" என்று பேத்தி கேட்டாள். "அப்பா கேட்டு வந்த தேயிலையில் செய்தது என்று சொல்" என்றார்கள்.

மாமி அந்தப் பெட்டியை மூன்று நாள் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. உள்ளே தொதல் இருந்தது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் கிண்டப்படாத தொதல். தின்றுகொண்டே உம்மா சொன்ன ஒரு பேச்சை இங்கே குறிக்க விரும்புகிறோம். தொதலும் ஒருகாலத்தில் கப்பலில் வந்ததுதான் என்றார்கள். உண்மைதான், மலாய்த் தீவுகளில் இன்றும் அது இதே பெயரில்தான் வழங்குகிறது. கடலோடிய மரைக்காயர் எவரோ அங்கே தின்று சுவைத்து, பக்குவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அதை முதன்முதலாகக் கிண்டியபோது எந்த மாமி என்ன சொன்னாரோ!

மூன்றாம் சுற்று ஷவ்வால் மாதத்தில், மதரஸா விடுமுறை முடிந்து திறந்த பிறகு. அது வாப்பாவின் பேரால் ஸதகா. மறைந்த தாயாருக்காகத் தாம் தர்மம் செய்தால் அது அவருக்குப் பயன்படுமா என்று ஸஅத் இப்னு உபாதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கேட்க, ஆம் என்று நபியவர்கள் சொன்னது நம்மில் பலரும் அறிந்த ஹதீஸ். பிரியாணியும் நெய்ச்சோறும் கொடுக்கத் தம்பி பணம் அனுப்பியிருந்தான், கொடுத்தோம். அதோடு உம்மா தம் கையால் சுட்ட முப்பது பச்சை பிஸ்கட்டும் போயின. பிள்ளைகளிடம் அவை வாங்கிக்கொண்ட வரவேற்பு ஒரேவிதமாக இல்லை. ஒருவன் வேப்பிலையா என்று கேட்டானாம். இன்னொருவன் தன் பங்கை முடித்து வேப்பிலை என்றவனுடைய பங்கையும் வாங்கித் தின்றானாம். தேயிலை என்பதால் சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு பிஸ்கட்டில் கால் கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மட்சா இருக்கிறது, அதன் காஃபீன் ஒரு குவளைத் தேநீரில் உள்ளதைவிட மிகக் குறைவு. இரவில் மட்டும் தவிர்க்கலாம்.

மூன்று சுற்றுக்கு எட்டெட்டு கிராம். டப்பாவில் ஆறு கிராம் மீந்தது. துல்கஅதா நடுவில் உம்மாவின் இத்தா முடிந்தது. அன்று அவர்கள் குளித்து, வேறு நிறச் சேலை உடுத்தி, முதலில் மாமி வீட்டுக்குப் போய்வந்தார்கள். மாலையில் தம்பி அழைத்தான். அழுதான், உம்மாவும் அழுதார்கள். பேசிமுடிக்கும் நேரத்தில், தூள் எல்லாம் தீர்ந்ததா, இன்னொரு டப்பா அனுப்பட்டுமா என்று கேட்டான்.

"அனுப்பு. ஆனால் இந்த விலையில் வேண்டாம். இது குடிப்பதற்கு உரியதாம், சமையலுக்கென்று மலிவாக வேறு விற்கிறார்களாம். உன் ராத்தாமார் சொன்னார்கள். அதில் வாங்கு. பெரிய டப்பாவாக வாங்கு" என்றார்கள் உம்மா.